செசானா: பதினேழு நாள் விருந்தும் பிறகு வந்த பில்லும்

இத்தாலியின் டுரின் நகரத்திலிருந்து மேற்கே, பிரான்ஸ் எல்லையை நோக்கி ரயிலில் போனால் சூசா பள்ளத்தாக்கு வரும். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பயணம் செய்து உல்க்ஸ் என்ற ஸ்டேஷனில் இறங்க வேண்டும். அங்கிருந்து பஸ் பிடித்தால் சுமார் பத்து கிலோமீட்டர் தூரத்தில் செசானா. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1350 மீட்டர் உயரம். மொத்த ஜனத்தொகையே சுமார் ஆயிரம்தான். நம்மூரில் ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் அடங்கிவிடும் கூட்டம்!

ஊர் சின்னது, ஆனால் பழசு. இரண்டு மலை ஓடைகள் இங்கே சேர்ந்துதான் டோரா ரிபாரியா என்ற ஆறாகி, டுரின் வரை ஓடி போ நதியில் கலக்கிறது. ஊருக்கு மேலே 1854 மீட்டர் உயரத்தில் மான்ஜெனேவ்ர் கணவாய். அதைத் தாண்டினால் பிரான்ஸ். ரோமானியப் படைகள் முதல் வியாபாரிகள் வரை அந்த வழியாகப் போய் வந்திருக்கிறார்கள். ஆக, வழிப்போக்கர்களை வைத்துப் பிழைப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல.

இப்போது வரும் வழிப்போக்கர்கள் பனிச்சறுக்கு ஆடுபவர்கள். பக்கத்து ஊரான செஸ்ட்ரியேரே, ஃபியட் கார் கம்பெனியின் அக்னெல்லி குடும்பம் 1930களில் பனிச்சறுக்குக்காகவே உருவாக்கிய ஊர். அதையும் செசானாவையும் எல்லை தாண்டி பிரான்ஸ் பக்கத்துச் சரிவுகளையும் சேர்த்து 'பால்வீதி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். மொத்தம் சுமார் 400 கிலோமீட்டர் சறுக்குப் பாதை.

சரி, இந்த ஊரைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? 2006 பிப்ரவரி 10 முதல் 26 வரை டுரினில் குளிர்கால ஒலிம்பிக் நடந்தது. பெயர் டுரினுக்கு என்றாலும் நகரத்துக்குள் மலை ஏது? பனிச்சரிவுப் போட்டிகளெல்லாம் இந்த மலை ஊர்களுக்கு வந்தன. செசானாவுக்குக் கிடைத்தவற்றில் மிகப் பெரியது பாப்ஸ்லே, லூஜ், ஸ்கெலிட்டன் போட்டிகள்.

இவற்றைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வரி விளக்கம். வளைந்து வளைந்து இறங்கும் ஒரு ஐஸ் வாய்க்கால். அதில் பாப்ஸ்லேவுக்கு உட்கார்ந்து, லூஜுக்கு மல்லாந்து படுத்து, ஸ்கெலிட்டனுக்குக் குப்புறப் படுத்து, மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கீழே வர வேண்டும். நேரம் குறைந்தவர் ஜெயித்தவர்.

அந்த வாய்க்கால்தான் பிரச்சினை. செசானாவின் பரியோல் பகுதியில் 1435 மீட்டர் நீளத்தில், 19 வளைவுகளோடு கான்கிரீட்டில் கட்டினார்கள். செலவு சுமார் 11 கோடி யூரோ. கட்டியதோடு முடியவில்லை. தடம் முழுவதும் ஐஸ் உறைந்து நிற்க, உள்ளே குழாய்களில் அம்மோனியா ஓட வேண்டும். ஒரு பெரிய ஃப்ரிட்ஜை மலைமேல் படுக்க வைத்தது மாதிரி. ஒருவர் சறுக்கினாலும் நூறு பேர் சறுக்கினாலும் கரண்ட் பில் கிட்டத்தட்ட ஒன்றுதான். வணிகவியல் பாடத்தில் 'நிலையான செலவு' என்று படிப்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

விருந்து நாட்கள் நன்றாகத்தான் இருந்தன. லூஜ் ஆண்கள் பிரிவில் இத்தாலியின் ஆர்மின் ஸோக்லர் தங்கம் வாங்கினார். அதே போட்டியில் இந்தியாவின் சிவ கேசவனும் ஓடி 25ஆவது இடம் பிடித்தார். மணாலிக்காரரான இவர் 1998 முதல் 2018 வரை ஆறு ஒலிம்பிக்கில் கலந்துகொண்டவர். இந்தியாவில் ஐஸ் தடம் கிடையாது. அதனால் வண்டிக்குச் சக்கரம் மாட்டி, இமயமலைத் தார் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே பயிற்சி செய்தார்.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். மணாலியில் வீரர் இருந்தார், தடம் இல்லை. செசானாவில் தடம் இருந்தது, வீரர்கள் இல்லை! ஸோக்லர் ஆஸ்திரிய எல்லையை ஒட்டிய தெற்கு டிரோல் மாநிலத்துக்காரர். இத்தாலியின் லூஜ் வீரர்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான், அதாவது நாட்டின் எதிர் மூலையில். செசானாப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து சறுக்குக் கட்டையில் நிற்பவர்கள். ஐஸ் வாய்க்காலில் படுத்துக்கொண்டு வருவது அவர்கள் விளையாட்டே அல்ல. டிக்கெட் வாங்கி அதில் இறங்கச் சுற்றுலாப் பயணிகளும் வரிசையில் நிற்கப்போவதில்லை.

விளைவு எதிர்பார்த்ததுதான். 2011 ஜனவரியில் உலக லூஜ் சாம்பியன்ஷிப் நடந்தது. அதிலும் ஸோக்லரே ஜெயித்தார். அதன்பின் பராமரிப்புச் செலவு தாங்காமல் தடத்தை மூடிவிட்டார்கள். பிறகு அம்மோனியாவை அகற்றுவது ஒரு தனி வேலையானது. ஓடுவதற்கும் பணம், ஓடாமல் இருப்பதற்கும் பணம்.

ஒலிம்பிக்கே வீண் என்று இதற்கு அர்த்தமில்லை. பெண்கள் பனிச்சறுக்குப் போட்டி நடந்த சான்சிகாரியோ சரிவு இதே செசானாவில்தான் இருக்கிறது. அது ஒலிம்பிக்குக்கு முன்பும் ஆட்களுக்குப் பயன்பட்டது, பின்பும் பயன்படுகிறது. ஊருக்கு ஏற்கனவே தேவையாக இருந்ததில் போட்ட பணம் நின்றது. விருந்தாளிக்காக மட்டும் போட்ட பணம் விருந்தாளியோடு போனது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதிலிருந்து பாடம் கற்றார்களா? 2026 ஒலிம்பிக் மறுபடி இத்தாலிக்கு, மிலானோவுக்கும் கோர்டினாவுக்கும் வந்தது. புதுத் தடம் வேண்டாம், வெளிநாட்டில் இருப்பதையே பயன்படுத்துங்கள் என்று சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி சொன்னது. செசானாத் தடத்தைப் பழுது பார்க்கலாம் என்று பியட்மான்ட் மாநிலத்தார் கேட்டார்கள். கடைசியில், 1956 ஒலிம்பிக் நடந்து 2008இல் மூடப்பட்ட கோர்டினாவின் பழைய தடம் இருந்த இடத்திலேயே புதிதாகக் கட்டினார்கள். லார்ச் மரங்களை வெட்டியதற்கு எதிர்ப்பும் எழுந்தது. செலவு? மறுபடியும் 11 கோடி யூரோவுக்கு மேல். 2025 மார்ச்சில் அதில் சோதனை ஓட்டம் தொடங்கியது. கோர்டினா தெற்கு டிரோலுக்குப் பக்கம் என்பதால் வீரர்களாவது அருகில் இருக்கிறார்கள். கணக்கு அங்கே நேராகுமா என்பது பத்து வருடம் கழித்துத்தான் தெரியும்.

செசானாவுக்குப் போக வாய்ப்புக் கிடைப்பவர்கள் பனிக்காலத்தில்தான் போக வேண்டும் என்றில்லை. கோடையில் போனால் இரண்டு ஓடைகளும் சேரும் இடத்தில் நிற்கலாம், கல் வீடுகளுக்கு நடுவே நடக்கலாம், கணவாய் வரை ஏறி மதியச் சாப்பாட்டைப் பிரான்ஸில் வைத்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் ஒலிம்பிக் தேவைப்படவில்லை.