குடோன்ல காலி இடம் எதுக்கு?

எங்க ஊருக்கு வர்ற சென்னைக்காரங்க ரத்தின சபையைப் பார்ப்பாங்க, காரைக்கால் அம்மையாரைக் கும்பிடுவாங்க, திரும்பிப் போகும்போது வயல் ஓரம் நின்னு போட்டோ எடுப்பாங்க. நடவு எப்போ, அறுப்பு எப்போன்னு கேட்பாங்க. அறுத்த நெல் அதுக்கப்புறம் எங்க போய் இருக்குன்னு யாரும் கேட்டதில்லை. வயல்ல நெல் இருக்கிறது நாலு மாசம். குடோன்ல பல சமயம் அதைவிட அதிக நாள் இருக்கும். அதனால இந்தத் தடவை குடோனைப் பத்தி எழுதறேன்.

திருவள்ளூர் மாவட்டத்துல சொர்ணவாரி, சம்பா, நவரைன்னு மூணு பட்டம். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை டிபிசின்னுதான் சொல்லுவோம். அங்க நெல்லைத் தூத்தி, ஈரம் பார்த்து, 40 கிலோ மூட்டையா பிடிச்சு, லாரியில ஏத்தி குடோனுக்கோ அரவை மில்லுக்கோ அனுப்புவாங்க. தனியார் வியாபாரிகளும் வாங்கி அவங்க குடோன்ல அடுக்குவாங்க. யார் வாங்கினாலும் நெல் ஒண்ணுதான். அதைக் காப்பாத்துற முறையும் ஒண்ணுதான்.

நல்ல குடோனா இல்லையான்னு ஒரு நிமிஷத்துல கண்டுபிடிக்கலாம். மூட்டையைப் பார்க்காதீங்க, காலி இடத்தைப் பாருங்க. சுவருக்கும் அட்டிக்கும் நடுவுல ஒரு ஆள் நடந்து போற அளவுக்கு இடைவெளி இருக்கணும். ஒரு அட்டிக்கும் அடுத்த அட்டிக்கும் நடுவுல வழி இருக்கணும். மேல கூரைக்கும் கடைசி மூட்டைக்கும் நடுவுலயும் இடம் வேணும். அடியில மரக்கட்டையோ பிளாஸ்டிக் பலகையோ போட்டு, அதுக்கு மேலதான் மூட்டை வைக்கணும். மூட்டை நேரா தரையில உட்கார்ந்தா சிமெண்ட்ல இருந்து ஈரம் ஏறும். சுவரோட ஒட்டினா மழைக்காலத்துல சுவர் குடிச்ச தண்ணியைச் சாக்கு குடிக்கும். தரையை ரெண்டரை, மூணு அடி உசத்திக் கட்டறதும் காரணமாத்தான். லாரியோட தளத்துக்குச் சமமா இருந்தா இறக்குறது சுலபம், எலி தாவி ஏறுறதும் கஷ்டம்.

வெளியில இருந்து பார்க்கிறவங்களுக்கு இந்த இடமெல்லாம் வீணாத் தெரியும். "இன்னும் இருநூறு மூட்டை வைக்கலாமே"ன்னு தோணும். ஆனா அந்தச் சந்துல நடந்தாத்தான் எந்தச் சாக்கு நனைஞ்சிருக்கு, எதுல வண்டு வந்திருக்கு, எலி எங்க ஓட்டை போட்டிருக்குன்னு தெரியும். நடக்க முடியாத இடத்தைப் பெருக்க முடியாது. பெருக்க முடியாத இடத்துல என்ன நடக்குதுன்னு எலிக்கு மட்டும்தான் தெரியும்.

நெல்லு உயிருள்ள பொருள். மூட்டைக்குள்ள இருந்தாலும் அது மூச்சு விடும். ஈரம் அதிகமா இருந்தா மூச்சும் அதிகம், சூடும் அதிகம். ஈர நெல் அட்டிக்குள்ள கையை விட்டா வெந்நீர்ப் பானையைத் தொட்ட மாதிரி இருக்கும். அப்புறம் பூஞ்சை, பழுப்பு நிறம், ஒரு புளிச்ச வாடை. கொள்முதல் நிலையத்துல வழக்கமா 17 சதம் ஈரம் வரைக்கும்தான் எடுப்பாங்க. ரொம்ப நாள் வைக்கணும்னா 14க்குக் கீழ வரணும். எங்க அப்பா காலத்துல மீட்டர் கிடையாது. நாலு நெல்லை எடுத்துப் பல்லுல கடிப்பாங்க. கடக்குன்னு சத்தம் வந்தா குதிருக்குப் போகலாம், நசுங்கினா இன்னொரு வெயில் காயணும். குதிரையும் சும்மா விட மாட்டாங்க. புது நெல் கொட்டுறதுக்கு முன்னாடி பழசை ஒரு மணி இல்லாம வழிச்சு எடுத்து, சாணி மெழுகி, காயவிட்டு, வேப்பிலையும் நொச்சி இலையும் போட்டுத்தான் நிரப்புவாங்க. பழைய நெல்லுல இருக்கிற வண்டு புது நெல்லுக்குப் போகக் கூடாதுங்கிறதுதான் அதோட கணக்கு. முதல்ல வந்தது முதல்ல வெளிய போகணும்னு இன்னைக்கு குடோன்ல எழுதி வைக்கிறதும் இதே கணக்குதான்.

குடோனைச் சுத்தமா வெச்சிருக்கிறது யாருன்னு பார்த்தா, பெரும்பாலும் துடைப்பம் பிடிச்ச பெண்கள்தான். மூட்டை இறங்க இறங்கக் கொக்கி பட்ட ஓட்டையில இருந்து நெல் சிந்திக்கிட்டே இருக்கும். அதை அப்பப்போ கூட்டி, சலிச்சு, தூசி வேற நெல் வேற பிரிச்சு, கிழிஞ்ச சாக்கைத் தைச்சு வைப்பாங்க. கூட்டாம விட்ட நெல்லுக்கு எலி வரும், எலிக்குப் பின்னாடி பாம்பு வரும். சிந்தின நெல்லு மேல கால் வெச்சா சறுக்கவும் செய்யும். தோள்ல மூட்டையோட பலகையில ஏறுற ஆளுக்கு அந்த ஒரு பிடி நெல் போதும், இடுப்பு போறதுக்கு. அந்தத் துடைப்பத்தாலதான் லோடுமேன் முழுசா வீட்டுக்குப் போறார். நாள் முழுக்க அந்தத் தூசியில நிக்கிற அவங்களுக்கு முகத்துக்கு ஒரு நல்ல மாஸ்க் கொடுக்கிற இடம் ரொம்பக் குறைச்சல்.

அடுத்து மருந்து. வண்டு விழுந்த அட்டிக்கு அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பாங்க. கனமான பிளாஸ்டிக் தார்ப்பாயால அட்டியை முழுசா மூடி, ஓரத்துல காத்து போகாம மணல் பை வரிசையா வெச்சு அமுக்குவாங்க. காத்துல இருக்கிற ஈரம் பட்டு மாத்திரையில இருந்து பாஸ்பீன்னு ஒரு வாயு வரும். அஞ்சு நாள், ஏழு நாள் அப்படியே இருக்கணும். வண்டைக் கொல்ற அந்த வாயு மனுஷனையும் கொல்லும். வாயில துண்டு கட்டிக்கிட்டா அது நிக்காது. மாத்திரை மேல தண்ணி பட்டா தீப்பிடிக்கவும் வாய்ப்பு இருக்கு. அதனாலதான் பயிற்சி உள்ளவங்க மேற்பார்வையில மட்டுமே அதைப் பயன்படுத்தணும்னு சட்டம் வெச்சிருக்காங்க. மூடின குடோன் கதவுல மண்டை ஓடு படம் போட்ட பலகை தொங்கினா, அது சும்மா மிரட்டுறதுக்கு இல்லை.

2024 நவம்பர்ல குன்றத்தூர் பக்கம், வீட்டுக்குள்ள வெச்ச எலி மருந்தோட நெடியில ரெண்டு சின்னக் குழந்தைங்க இறந்துபோன செய்தி உங்களுக்கு ஞாபகம் இருக்கும். குடோனுக்குன்னு இருக்கிற மருந்து, மூடின ரூமுக்குள்ள வைக்கிற மருந்து, இதையெல்லாம் "கொஞ்சம் வீட்டுக்கும் கொடுங்க"ன்னு கேட்டு வாங்காதீங்க. கிராமத்துலயும் இந்தப் பழக்கம் இருக்கு. அது போகணும்.

இவ்வளவு தெரிஞ்சும் குடோன் ஏன் கெடுதுன்னா, அவசரம். நவரை அறுப்பு முடியற நேரத்துல கோடை மழை வரும். சொர்ணவாரி அறுக்கும்போது ஆவணி மழை. ரோட்டுல வரிசையா லாரி நிக்கும், களத்துல நெல் நனைஞ்சுக்கிட்டு இருக்கும். "எப்படியாச்சும் உள்ள வைங்க"ன்னு வெளியில நிக்கிறவங்க கேட்கத்தான் செய்வாங்க. அது அவங்க வருஷ உழைப்பு. அப்போ முதல்ல காணாமப் போறது சுவர் ஓரத்துச் சந்து. அப்புறம் நடுவழி. அப்புறம் பதினாலு மூட்டை உசரத்துல நிக்க வேண்டிய அட்டி பதினெட்டு ஆகும்.

சில வருஷத்துக்கு முன்னாடி எங்க பக்கத்து தனியார் குடோன் ஒண்ணுல அப்படித்தான் நடந்தது. அட்டி அடுக்கும்போது, செங்கல் சுவர் கட்டுற மாதிரி ஒரு வரிசை நீளவாக்குல, அடுத்த வரிசை குறுக்குவாக்குலன்னு மாத்தி மாத்திப் பிடிக்கணும். ராத்திரி அவசரத்துல அப்படிப் பார்க்காம ஒண்ணு மேல ஒண்ணா ஏத்திட்டாங்க. நடுவழியிலயும் மூட்டை. விடியக்காலையில அட்டி சரிஞ்சது. கீழ நின்ன லோடுமேனுக்கு விலகி ஓட வழியில்லை. தொடை எலும்பு முறிஞ்சு, ஆறு மாசம் படுக்கை. இப்போ அவர் மாடு மேய்க்கிறார், மூட்டை தூக்கறதில்லை. அவரு பொண்ணு பிளஸ் டூவோட படிப்பை நிறுத்திட்டு வேலைக்குப் போகுது.

அந்தப் பொண்ணு வேலைக்குப் போறதும் ஒரு குடோனுக்குத்தான். கும்மிடிப்பூண்டி, பெரியபாளையம், செங்குன்றம் பக்கமெல்லாம் நெல் விளைஞ்ச நிலத்துல இப்போ பெரிய பெரிய கிடங்கு. நீங்க போன்ல ஆர்டர் பண்ற பொருள்ல நிறைய அங்க இருந்துதான் வருது. தரையில மஞ்சள் கோடு போட்டிருக்கும், கோட்டுக்கு இந்தப் பக்கம் மனுஷன், அந்தப் பக்கம் ஃபோர்க்லிஃப்ட்னு அது சொல்லுச்சு. தீப்பிடிச்சா ஓடுற கதவு முன்னாடி ஒரு அட்டைப்பெட்டி கூட வைக்கக் கூடாதாம். "பண்டிகை ஆஃபர் நேரத்துல மட்டும் கோடு தெரியாது பெரியப்பா, பெட்டிதான் தெரியும்"னுச்சு. நெல்லுக்கு மழை, அவங்களுக்கு ஆஃபர். சந்து மறையறது ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதான்.

உள்ள என்ன இருக்கு, எத்தனை நாளா இருக்குன்னு யாரும் பார்க்காம விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு பெய்ரூட் துறைமுகம் சாட்சி. 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் ஆறு வருஷமா ஒரு கிடங்குல கிடந்து, 2020 ஆகஸ்ட் 4ஆம் தேதி வெடிச்சது. இருநூறு பேருக்கு மேல செத்தாங்க. அந்தச் செய்தி வந்த பிறகுதான், நம்ம மணலியில 2015ல பிடிச்ச அதே சரக்கு சுமார் 740 டன் கன்டெய்னர்ல கிடக்குன்னு ஊருக்கே தெரிஞ்சது. அந்த மாசமே ஹைதராபாத்துக்கு அனுப்ப ஆரம்பிச்சாங்க. ஒரு விவசாயியா என் மனசுல நின்னது இன்னொண்ணு. பெய்ரூட்ல வெடிப்புக்குப் பக்கத்துல இருந்த தானியக் களஞ்சியம் பாதி இடிஞ்சு நின்னுச்சு. உள்ள மிச்சம் இருந்த தானியத்தை முழுசா எடுக்கல. அது புளிச்சு, சூடேறி, 2022 ஜூலையில தானே புகைஞ்சு எரிஞ்சது. அப்புறம் களஞ்சியத்துல ஒரு பகுதி சரிஞ்சது. வழிக்காம விட்ட குதிர் என்ன செய்யும்னு எங்க அப்பா சொன்னது, கடல் தாண்டி அங்கயும் பலிச்சிருக்கு.

இதுக்கு வழி என்னன்னா, அறுப்பு ஆரம்பிக்கிறதுக்கு ஒரு மாசம் முன்னாடியே பழைய மூட்டையை வெளியேத்தணும். கூரை ஓட்டையை வெயில் காலத்துலயே அடைக்கணும். வெளியில காத்திருக்கிற நெல்லுக்கு மேடான தளமும் நல்ல தார்ப்பாயும் தயாரா இருக்கணும். அது இருந்தா யாரும் சந்துக்குள்ள மூட்டையைத் திணிக்கச் சொல்ல மாட்டாங்க. இதெல்லாம் பெரிய செலவு இல்லை, முன்யோசனைதான்.

எந்தக் குடோன்லயும் "இடம் இல்லை, நாளைக்கு வாங்க"ன்னு சொல்ற ஒரு ஆள் இருப்பார். லாரிக்காரரும் திட்டுவார், முதலாளியும் திட்டுவார், எங்களுக்கும் அந்த நேரத்துல அவரைப் பிடிக்காது. ஆனா அவர் அந்த ரெண்டரை அடி சந்தை விட்டுக்கொடுக்காம நிக்கிற வரைக்கும்தான் உள்ள வேலை செய்யறவங்க சாயங்காலம் நடந்து வீட்டுக்கு வருவாங்க. உங்க பார்சல் ஒரு நாள் தாமதமா வந்தா, அங்கயும் அப்படி ஒருத்தர் நின்னிருக்கலாம். அவரைத் திட்டாதீங்க.