செய்தியாளனின் மனக்காயமும் நீதிமன்றமும்

பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எத்தனை சடலங்கள் என்று முதலில் கேட்போம்; பெயர்களைப் பிறகுதான் கேட்போம். களத்தில் நின்று அச்சடலங்களை எண்ணியவனின் மனம் என்னவாயிற்று என்று ஆசிரிய பீடத்தில் எவரும் கேட்பதில்லை.

2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின்னர் கிழக்குக் கரைக்குச் சென்று திரும்பிய இளம் நிருபர் ஒருவரை நான் அறிவேன். இரவில் உறங்க முடியவில்லை என்றார். "இதெல்லாம் தொழிலில் சகஜம் தம்பி" என்று மூத்தவர் ஒருவர் ஆறுதல் கூறினார். சில மாதங்களில் தம்பி தொழிலையே விட்டுவிட்டார். கால் முறிந்து வந்திருந்தால் அலுவலகம் மருத்துவச் செலவைக் கொடுத்திருக்கும். மனம் முறிந்ததற்கு விண்ணப்பப் படிவமே இருக்கவில்லை.

அவரை எனக்கு நினைவூட்டியது 2019இல் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில நீதிமன்றம் ஒன்று வழங்கிய தீர்ப்பு. மெல்பேர்ணில் வெளிவரும் 'த ஏஜ்' நாளிதழில் 2003 முதல் 2013 வரை பணியாற்றிய பெண் செய்தியாளர் ஒருவர், தம் பெயரை மறைத்து வழக்குத் தொடுத்திருந்தார். கொலை நடந்த இடங்களுக்கு ஆண்டுக்கணக்கில் சென்று செய்தி சேகரித்தவர் அவர். இனி இயலாது என்று முறையிட்டிருந்தும், பின்னர் நீதிமன்றச் செய்திப் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கும் கொலை வழக்குகளே. அவருக்கு ஏற்பட்ட மனவடு நோய்க்குப் பத்திரிகை நிறுவனமே பொறுப்பு எனக் கண்ட நீதிமன்றம், 180,000 அவுஸ்திரேலிய டொலர் நட்டஈடு விதித்தது. அதே பத்திரிகையின் புகைப்படப்பிடிப்பாளர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்னர் தொடுத்த இத்தகைய வழக்கு தோற்றுப்போயிருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இதே விக்டோரியாவில் 1886இல் ஒரு சம்பவம் நடந்தது. புகையிரதக் கடவையின் காவலாளி படலையைத் திறந்துவிட, குதிரை வண்டியில் சென்ற தம்பதியர் மீது புகையிரதம் மோதாமல் மயிரிழையில் கடந்தது. கர்ப்பிணியான மனைவி மயங்கி வீழ்ந்தார், கருவும் கலைந்தது. அங்குள்ள நீதிமன்றம் நட்டஈடு வழங்கியது. ஆனால் இலண்டனிலிருந்த கோமறைக் கழகம் 1888இல் அதனை மறுத்தது. உடலில் அடிபடாமல் வெறும் அதிர்ச்சியால் வந்த கேட்டுக்கு நட்டஈடு இல்லை என்றது. 1970களின் தொடக்கம் வரை இலங்கையின் மேன்முறையீடுகளையும் விசாரித்த கழகம் அதுதான். ஒரே மாநிலத்தில் இவ்விரு முடிவுகளுக்கும் இடையே 131 ஆண்டுகள்.

நமது நாட்டில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் உண்டு. கை போனால் எவ்வளவு, கண் போனால் எவ்வளவு என்று அதன் அட்டவணை கணக்கிடுகிறது. உறக்கம் போனவனுக்கு அந்த அட்டவணையில் இடம் எங்கே?

புலம்பெயர்ந்த நாடுகளில் தொழிற்சாலையிலும் வைத்தியசாலையிலும் வாகனச் சாரதிகளாகவும் உழைக்கும் நம்மவர்கள் ஒன்றை அறிந்திருத்தல் நல்லது. துயரம், பயம், கவலை என்பவற்றை மட்டும் காட்டி இத்தகைய வழக்கில் வெல்வது அரிது. மருத்துவர் இனங்கண்ட மனநோயாக அது இருக்க வேண்டும். பணியிடத்து வழக்காயின், ஆபத்தை முதலாளி முன்கூட்டியே உணர்ந்திருக்க வேண்டியவர் என்றும், அவர் தவறியதாலேயே நோய் வந்தது என்றும் நிறுவ வேண்டும். காலவரையறையும் உண்டு; இங்கிலாந்தில் அது பொதுவாக 3 ஆண்டுகள். ஆகவே இயலவில்லை என்பதை வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வைத்தியரிடம் காலம் தாழ்த்தாது செல்லுங்கள்.

பொறுமையைப் பெரும் பண்பாகக் கற்றவர்கள் நாம். பேசாமல் பொறுத்துக்கொண்டவரின் நோயை முதலாளி அறிந்திருந்தார் என்று நீதிமன்றத்தில் நிறுவுவது மிகக் கடினம். அந்தத் தம்பி ஒரு கடிதமும் எழுதவில்லை. எழுதச் சொல்ல அன்று அவருக்கு ஒருவரும் இருக்கவில்லை.