பேய்ப் படமும் ரிமோட்டும்

'யாவரும் நலம்' (2009) மறுபடி பார்த்தேன். 13பி வீட்டுக்குக் குடிவந்த மாதவன் தனியாக ஏறினால் லிஃப்ட் நகராது. மத்தியானம் ஒரு மணி சீரியலில் அவர் வீட்டுக் கதையே ஓடும். நம் வீட்டிலும் சீரியல்தான் பயமுறுத்துகிறது, என்ன, பேய் இல்லாமலே!

பேய்ப் படத்தில் எனக்கு எதிரி காதுதான். வயலின் மெல்ல இழுக்க ஆரம்பித்ததும் ரிமோட்டில் சத்தத்தைக் குறைத்துவிடுவேன். பின்னணி இசை இல்லாத பேய், பாவம், மேக்கப் கலையாமல் பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி ஆகிவிடும். புத்தகத்தில் இந்த வசதி கிடையாது. இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டுவிடு கருப்பா'வை மூடி வைத்தாலும் கருப்பு விடுவதில்லை.

'காஞ்சனா'வில் ராத்திரி பாத்ரூமுக்கு அம்மாவைத் துணைக்குக் கூப்பிடும் லாரன்ஸைப் பார்த்துச் சிரித்தவர்களே, உண்மையைச் சொல்லுங்கள்: படம் முடிந்ததும் ஹால் லைட்டை அணைத்துவிட்டா தூங்கினீர்கள்?