கணினிக்குள் ஒரு கணினி

விண்டோஸ் கணினியினுள்ளேயே லினக்ஸையும் ஓட்ட விரும்புவோர்க்கு, வெர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர்க் கணினி பேருதவியாகும். ஆயினும் நம்மவர் பலர் ஒரு விஷயத்தை அறியாது வீண் செலவுக்கு ஆளாகின்றனர்.

தோட்டத்து நண்பரொருவர் தம் மகளுக்குப் புதுக் கணினி வாங்கச் சீட்டுப் பணத்தை எடுக்க முற்பட்டார். அவள் நிரலெழுதக் கற்கும் உபுண்டு ஆமையென ஊர்கின்றதாம். "கார்டு போதாது" என்றாராம் கடைக்காரர்.

போய்ப் பார்த்தேன். இருந்ததோ என்விடியா கார்டு! அதற்குரிய டிரைவரை லினக்ஸினுள் இருமுறை நிறுவியும் விட்டாள். "மாமா, கார்டே இல்லை என்கிறதே!" என்றாள்.

அஃது உண்மையே. உள்ளே ஓடும் லினக்ஸ் மெய்யான கார்டைக் காண்பதில்லை. வெர்ச்சுவல்பாக்ஸ் புனைந்து காட்டும் கார்டையே காண்கிறது. அதற்கேற்ற டிரைவர் 'விஎம்டபிள்யூஜிஎஃப்எக்ஸ்' என்பது. 2010 முதல் லினக்ஸ் கர்னலிலேயே இருக்கிறது. என்விடியா டிரைவர் வேண்டுவது வெளியிலுள்ள விண்டோஸுக்கே. முப்பரிமாண வசதி அணைந்திருந்தால், 'எல்எல்விஎம்பைப்' என்னும் மென்பொருள் திரையின் ஒவ்வொரு புள்ளியையும் பிராசஸரைக் கொண்டே வரைவிக்கும். வேகம் குன்றாமல் என்ன செய்யும்? வேறு கார்டுள்ள கணினி வாங்கினும், லினக்ஸ் காண்பது இதே கற்பனைக் கார்டுதானே! (மெய்யான கார்டையே உள்ளே ஒப்படைக்கும் முறையும் கேவிஎம்மில் உண்டு, அதற்குப் பெரும்பாலும் இரண்டாவது கார்டு வேண்டும். ஏழை மாணவிக்கு அஃது எதற்கு?)

லினக்ஸிலிருந்து என்விடியா டிரைவரை நீக்கினோம். பின் அதனை அணைத்து, வெர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பில் கார்டு 'விஎம்எஸ்விஜிஏ' என்றிருப்பதைப் பார்த்து, முப்பரிமாண வசதியை இயக்கி, திரை நினைவகத்தை 16 மெகாபைட்டிலிருந்து 128 ஆக்கினோம். 'கெஸ்ட் அடிஷன்ஸ்' நிறுவியதும் திரையும் ஜன்னலின் அளவுக்கு விரிந்தது. பெரிய விளையாட்டுகள் இதில் ஓடா, நிரலெழுதத் தாராளம். சீட்டுப் பணம் அவள் தேர்வுக் கட்டணத்துக்கு ஆயிற்று.