கிரப்புக்கு ஒட்டிய வால்

வட்டவடையில் என் அக்கா மகன் டெபியன் லினக்ஸ் 11-ஐ 12-க்கு ஏற்றியிருந்தான். கேரள அரசுப் பள்ளியில் லினக்ஸிலேயே கணினி படித்தவன். இந்த வேலைக்கெல்லாம் பயப்பட மாட்டான். நடுவே ஏதோ கேள்வி வந்ததாம், படிக்காமல் என்டரைத் தட்டிவிட்டானாம். இப்போது 'இடிசி'க்குள் 'டிஃபால்ட்' அடைவில், கணினியைத் துவக்கும் கிரப் நிரலின் அமைவுக் கோப்பான 'கிரப்' பக்கத்தில் 'கிரப்.யுசிஎஃப்-டிஸ்ட்' என்று இன்னொன்று. "மாமா, இது குப்பைதானே? அழிச்சிரவா?"

பெயரில் இந்த வாலை ஒட்டியது யார் என்று தெரியாமல் அழிக்க எனக்கு மனமில்லை. டெபியனில் பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி ஒட்டும் 'டிபிகேஜி-டிஸ்ட்', 'டிபிகேஜி-ஓல்ட்' பழகியவை. 1994-இல் இயன் ஜாக்சன் சி மொழியில் திரும்ப எழுதிய அந்த நிரலின் ஏற்பாடு எளிமையானது. பேக்கேஜோடு முன்பு வந்த கோப்பின் எம்டி5 சரிபார்ப்புத் தொகையைக் குறித்துவைத்திருக்கும். நீங்கள் கைவைக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் புதியதைப் போடும். நீங்களும் மாற்றி, அவர்களும் மாற்றியிருந்தால்தான் கேள்வி. வெறும் என்டர் என்றால் உங்களுடையது நிற்கும். புதியது வாலோடு ஒதுங்கும். கோப்பையே நீக்கியிருந்தால் அதையும் உங்கள் முடிவாக மதித்து விட்டுவிடும். எனக்கு மிகவும் பிடித்த மரியாதை இது. ஆர்பிஎம் பேக்கேஜ் உலகில் இதே காரியத்துக்கு 'ஆர்பிஎம்நியூ', 'ஆர்பிஎம்சேவ்', ஆர்ச் லினக்ஸில் 'பேக்நியூ'.

யுசிஎஃப் எங்கிருந்து வந்தது? இணையமே தேவைப்படவில்லை. 'யுஎஸ்ஆர்/ஷேர்/டாக்' அடைவில் அதற்கென்று இருந்த பதிப்புரிமைக் கோப்பில் மனோஜ் ஸ்ரீவஸ்தவா என்ற பெயர், 2002-இலிருந்து. டெபியன் திட்டத்தின் செயலாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர். காரணமும் அங்கிருந்த விளக்கங்களில் பிடிபட்டது. டிபிகேஜியின் ஏற்பாடு பேக்கேஜுக்குள் அப்படியே வரும் கோப்புகளுக்கு மட்டும்தான். கிரப்பின் கோப்போ நிறுவும்போது நாம் சொல்லும் பதில்களைச் சேர்த்து நம் கணினியிலேயே உருவாவது. நிறுவும் ஸ்கிரிப்ட் இஷ்டத்துக்கு அதை மேலெழுதினால் நாம் திருத்தியது போய்விடும்; உள்ளூர் மாற்றங்களைக் காக்க வேண்டும் என்பது டெபியன் கொள்கை. அந்த ஓட்டையை அடைக்கவே யுசிஎஃப். 'வார்/லிப்/யுசிஎஃப்' அடைவில் அதற்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது.

இந்த மிச்சங்கள் கிடந்தால் ஆபத்தா என்று கேட்டான். பெரும்பாலும் இல்லை. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானின் அடைவுகளில், பெயரில் புள்ளியிருக்கும் கோப்பு ஓடாது. பதிவுக் கோப்புகளைச் சுழற்றும் லாக்ரொட்டேட் இந்த வால்களைத் தீண்டக் கூடாதவை என்று பட்டியலே போட்டிருக்கிறது. வலைத்தளக் கோப்புறைக்குள் கடவுச்சொல்லோடு ஒரு 'ஓல்ட்' கிடந்தால் மட்டும் கதை வேறு.

இரண்டையும் 'டிஃப்'பில் ஒப்பிட்டபோதுதான் அவன் வாய் திறந்தான். மேம்படுத்திய பிறகு துவக்கப் பட்டியலில் விண்டோஸைக் காணோம், அப்பாவின் பூண்டு வியாபாரக் கணக்கு அதில்தான் இருக்கிறதாம். 2021-இல் வந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் தானாக ஓடுவதில்லை. அதைத் திரும்ப இயக்கும் வரி, கமென்ட்டாக, அவன் குப்பை என்ற கோப்பில் விளக்கத்தோடு இருந்தது. அவனுடைய பழைய கோப்பில் இல்லை. வரியைச் சேர்த்து 'அப்டேட்-கிரப்' ஓட்டினான், விண்டோஸ் வந்தது.

அடுத்து 'இடிசி' முழுக்க இதே வால்களை 'ஃபைண்ட்' விட்டுத் தேடினோம். எஸ்எஸ்எச் சர்வரின் அமைவுக் கோப்பு தென்பட்டால் அவசரப்படாதே என்றேன். பாதுகாப்புக்காக மாற்றிய இயல்புநிலை அமைவுகள் அந்த மாதிரிக் கோப்பில்தான் எட்டாமல் தங்கிப்போகும்.