குழாய் கடிக்கிறது

"குழாய் கடிக்குது தம்பி" என்று அக்கா தொலைபேசியில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அட்டனுக்கு அருகே தோட்டமொன்றில், லயத்துக் காம்பிராவோடு ஒட்டிய அவளுடைய குசினியை அப்போதுதான் திருத்திக் கட்டியிருந்தார்கள். புகை படிந்த அடுப்பு மூலைக்குப் போய், டைல்ஸ், சிங்க், ரைஸ் குக்கர் எல்லாம் வந்திருந்தன.

நேரில் போனபோது சிரிப்பு அடங்கியது. குக்கர் வேலை செய்யும்போது ஈரக் கையால் குழாயைத் தொட்டால் சுள்ளென்றது. உடன் வந்த நண்பர், மின்பொறியியல் படித்தவர், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் காரணத்தைத் தேடினார். பழைய வயரிங்கில் வீட்டின் எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில்தான் கட்டியிருந்தார்கள். மலைச்சரிவில் மண்ணுக்குள் புதைந்து வந்த இரும்புக் குழாய் அது. இத்தனை காலமும் அதுவே புவியிணைப்பாக இருந்திருக்கிறது. குசினி திருத்தியபோது மேசன் பாஸ் வெளியே இருந்த துருப்பிடித்த குழாயை அகற்றி பிளாஸ்டிக் குழாய் போட்டார். உள்ளே எஞ்சிய இரும்புத் துண்டில் எர்த் கம்பி அப்படியே இருந்தது. குக்கரில் கசிந்த மின்சாரம் மண்ணுக்குப் போக வழியின்றிக் குழாயில் நின்றது. அக்காவின் கை அதற்கு வழியாயிற்று.

குழாயைப் புவியாக நம்புவது வேறு, குழாயைப் புவியோடு இணைப்பது வேறு என்றார் நண்பர். பொதுக் குடிநீர் விநியோகத்தின் உலோகக் குழாயைப் புவிமுனையாகப் பயன்படுத்துவதை, நம் பொறியியலாளர் கையாளும் பிரித்தானிய விதிநூலான பி.எஸ். 7671 தடுக்கிறது. ஆனால் மண்ணிலிருந்து வீட்டுக்குள் வரும் உலோகக் குழாயைப் பிரதான எர்த் முனையுடன் இணைக்க வேண்டும். அதற்கு 6 சதுர மில்லிமீற்றருக்குக் குறையாத செப்புக் கம்பி தேவை. இயன்றவரை குழாய் நுழையும் இடத்துக்கு அருகிலேயே, கிளை பிரியுமுன் இணைக்க வேண்டும். முழுவதும் பிளாஸ்டிக் குழாயென்றால் இந்த இணைப்புக்கு அவசியமில்லை.

இலங்கையில் வீட்டுக்கு வீடு தனிப் புவிக்கோல் புதைப்பது வழக்கம். பாறை நிலத்தில் அதன் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230 வோல்ட்டில் ஓடுவது 4.6 அம்பியர்தான். 15 அம்பியர் பியூஸ் அதற்கு அசையாது. எனவேதான் ட்ரிப் சுவிட்ச். போகும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, 30 மில்லிஅம்பியர் வித்தியாசத்தைக் கண்டவுடன் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். அக்கா வீட்டில் இருந்தது பழைய பியூஸ் பெட்டி.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. 1950ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய லக்சபான மின்நிலையம் இந்த மலைகளின் தண்ணீரில்தான் இயங்குகிறது. இம்மண்ணில் பிறந்த மின்சாரம் லயங்களுக்கு வந்து சேரப் பல தசாப்தங்கள் பிடித்தன. வந்தபின்னும் அரைகுறையாகவே வந்தது. 'மின்சாரம் தாக்கிப் பலி' என்று எத்தனை ஒற்றைப் பத்திச் செய்திகளை நான் செம்மைப்படுத்தி அனுப்பியிருப்பேன்! அங்கே எர்த் இருந்ததா என்று ஒரு நிருபரிடமும் நான் கேட்டதில்லை.

புதிய கோல் புதைத்து, தடையை அளந்து, ட்ரிப் சுவிட்சும் பொருத்தியாயிற்று. குக்கரையும் மாற்றிவிட்டோம். குசினி திருத்துகிறவர்கள், மேசன் பாஸ் குழாயைக் கழற்றுமுன் வயரிங் பாஸை ஒருமுறை அழைத்துக் காட்டுங்கள்.

அக்கா இன்னமும் முந்தானையால் பிடித்துத்தான் குழாயைத் திறக்கிறாள்.