இலவம் பஞ்சும் கரியமில வாயுவும்

எனது ஊர் பொட்டிப்புரம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என்னைப் படிக்க வைத்தது இலவம் பஞ்சு. போடியில் பஞ்சு பிரிக்கும் வேலைக்கு என் தாயார் பல ஆண்டுகள் போய் வந்தார். மாலையில் திரும்பும்போது தலைமுடி, புருவமெல்லாம் பஞ்சு படிந்திருக்கும். இரவெல்லாம் இருமல். இப்போது நுரை மெத்தைகள் பெருகிவிட்டன. அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை கிடைத்தாலே அதிகம்.

ஆகவே வேதியியல் வகுப்பில் பிளாஸ்டிக் நுரைகளைப் பற்றிப் பேராசிரியர் சொன்னபோது, பகையாளியின் கதையைக் கேட்பதுபோல் கேட்டேன்.

பிளாஸ்டிக்கை நுரைக்கச் செய்ய ஒரு வாயு வேண்டும். முன்பு குளோரோஃபுளூரோகார்பன்களைப் பயன்படுத்தினார்கள். அவை ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987-ல் மாண்ட்ரீல் உடன்படிக்கை ஏற்பட்டது. 1992-ல் இந்தியாவும் சேர்ந்தது. மாற்றாக வந்தவற்றுள் ஒன்று கரியமில வாயு. 31 டிகிரி செல்சியசுக்கு மேல், வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 73 மடங்குக்கும் மேல் அது வாயுவுமல்ல, திரவமுமல்ல. வாயுவைப்போல் எங்கும் நுழையும், திரவத்தைப்போல் அடர்ந்திருக்கும். இதுவே மாறுநிலை கடந்த நிலை. அந்நிலையில் அது பிளாஸ்டிக்கினுள் ஊறி அதனை இளக்குகிறது. அழுத்தத்தைச் சட்டென்று குறைத்தால், கோலி சோடா பொங்குவதுபோல் உள்ளே எண்ணற்ற நுண்குமிழிகள் எழுகின்றன. பிறகு வாயு வெளியேறிவிடும். தீப்பிடிக்கும் அபாயமும் இல்லை. வேறு ஆலைகள் கழிவாக விடும் வாயுவையே இதற்குப் பிடித்துக்கொள்ளலாம். பாலிஸ்டைரீன் நுரைத் தாளை முழுக்கக் கரியமில வாயுவாலேயே உருவாக்கிய டௌ நிறுவனம் 1996-ல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் பரிசைப் பெற்றது. இன்று ஓட்டக்காரர்களின் காலணி அடிப்பாகம்கூட மாறுநிலை கடந்த வாயுவால் நுரைக்கப்படுகிறது.

அன்றிரவு அம்மாவிடம் இதைச் சொன்னேன். இலவ இழையும் உள்ளே காற்றடைத்த நுண்குழல்தான் என்றேன். அம்மா சிரித்துவிட்டு, "காத்து போயிரும், சரி. அந்த நுரை எங்கிட்டுப் போகும்?" என்று கேட்டார்.

பழைய மெத்தைப் பஞ்சை வெயிலில் காயவைத்து, அடித்து, மறுபடி திணிப்பவர் அவர். அதுவும் உளுத்துப்போனால் மண்ணோடு மண்ணாகும். பாலிஸ்டைரீனோ மக்குவதில்லை. மக்காச்சோள மாவிலிருந்து கிடைக்கும் பாலிலாக்டிக் அமிலத்தையும் இம்முறையில் நுரையாக்குகிறார்கள்; ஆனால் அது மக்குவதற்குச் சூடான எருக்கூடம் வேண்டும். நம் ஊர்க் குப்பைமேட்டில் எளிதில் மக்காது.

நண்பர்களே, வாயுவைச் சுத்தமாக்கியதில் பாதிக் கணக்குத்தான் தீர்ந்தது. மீதிப் பாதி, எழுதப் படிக்கத் தெரியாத என் தாயார் கேட்ட கேள்வியில் இருக்கிறது. அதற்கு விடை தேடவே மேலே படிக்க விரும்புகிறேன்.